ஒன்பதாம் எண் வில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை போனில் "ம்" என்று முடிக்காமல் நாலு வரி எழுதினால் தெரிந்துகொள்வோம். நான் வேலை பார்த்த பழைய தீயணைப்பு நிலையம் நூலகமாகப் போகிறது, அதன் வரலாற்றை எழுதும் வேலையை, ஓய்வு பெற்றவர்களில் மூத்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இருப்பது ஒரே சாவி, அது என்னிடம். வண்டிக்கூடம் முதலில் குதிரை லாயம், கட்டுகிற வளையங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன, கோபுரம் முதலில் புகை பார்க்க, பிறகு ஈரக் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்த. அதுவரை மளமளவென்று எழுதிவிட்டேன், வில்லைப் பலகைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

நீயும் இதே வேலைக்குப் போனவள், ஆனால் உங்களுக்கு எல்லாம் கம்ப்யூட்டர். எங்களுக்குப் பலகையில் ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லை, தீக்குப் போகும்போது சிவப்புப் பக்கம், திரும்பி வந்ததும் வெள்ளைப் பக்கம், அவரவர் கையால்தான் திருப்ப வேண்டும். நான் எட்டு, உன் மாமா ஒன்பது. அவன் சோம்பேறி, "அத்தான், என்னுதையும் சேர்த்துத் திருப்பிடுங்க" என்பான், நானும் திருப்புவேன். காகிதக் கிடங்கு எரிந்த அன்று பின்னால் வந்த வண்டியில் இருப்பான் என்று நினைத்து, முகத்தைப் பார்க்காமலே இரண்டையும் திருப்பிவிட்டேன். பலகை முழுக்க வெள்ளை, யாரும் தேடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தேடினார்கள், கிடங்குக்குள் உடல்தான் கிடைத்தது. வில்லை வெள்ளையாக இருந்ததால், திரும்பி வந்தவர் உத்தரவில்லாமல் மறுபடி உள்ளே போனார் என்று பதிவேட்டில் எழுதினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. "அவனை யாரு திரும்பப் போகச் சொன்னது" என்று முப்பத்தொரு வருஷமாக உன் அம்மா தம்பியைத் திட்டுகிறாள், நான் கேட்டுக்கொண்டு காபி குடிக்கிறேன்.

போன திங்கட்கிழமை பூட்டும்போது எல்லா வில்லையும் வெள்ளை. மறுநாள் காலை திறந்தால் ஒன்பது மட்டும் சிவப்பு. காற்றாக இருக்கும் என்று திருப்பி வைத்தேன், ஜன்னல் எல்லாம் ஆணி அடித்துக் கிடப்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த நாளும் சிவப்பு, தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. தரைத் தூசியில் என் செருப்புத் தடம் தவிர வேறு தடம் இல்லை. அதன் பிறகு அதைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை.

நேற்று வரலாற்றில் அந்த இடத்தை உள்ளபடி எழுதினேன், ஒன்பதைத் திருப்பியது எட்டு என்று. இன்று காலை போனேன். ஒன்பது சிவப்பாகவே இருந்தது, பக்கத்தில் என் எட்டும் சிவப்பாகத் திரும்பியிருந்தது. இப்போதாவது அவனைத் தேடிப் போ என்கிறது போலும். நான் தொடாமல் பூட்டிவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லப் போகிறேன், பயமாக இருக்கிறது. அவள் உனக்கு போன் பண்ணினால் எனக்காகப் பரிந்து பேசாதே, அழவிடு. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. தீயை அணைத்துவிட்டுத் திரும்ப வண்டி கிளம்புமுன் கூட வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார், மறந்துவிடாதே.

இன்னும் திரும்பாமல் வெளியே இருக்கும்,
எட்டாம் எண்,
உன் அப்பா