ஏரி குடிக்கிற இடங்கள்

அன்புள்ள சிமெண்டுக்கு,

கீரை எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்தை உன்னிடமே கேட்டால் ‘உனக்கெதுக்கு அது?’ என்பாய் என்று தெரியும். அதனால் உன் மகளிடம் கேட்டுக்கொண்டேன். வலது முட்டி இன்னும் சரியாக மடங்கவில்லை, மாப்பிள்ளை போடும் காப்பி பிடிக்கவில்லை, பேரனோடு தினமும் மல்லுக்கட்டு என்றாள். ஆக, நீ நன்றாகத்தான் இருக்கிறாய்.

போனில் சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் போன கோடையில் ‘இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே’ என்று சொல்லி வைத்தவள், அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசவிட மாட்டாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. வேண்டுமானால் கிழித்துப் போடலாம், அது உன் இஷ்டம். ஆனால் இது உன் ஏரியைப் பற்றிய செய்தி, அதனால் கிழிக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

முதலில் நம் சண்டையைப் பேசி முடித்துவிடுகிறேன். ஆமாம், பூங்காத் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று ‘ஏரியை மூடிவிடலாம்’ என்று சொன்னவள் நான்தான். உன் காதுக்கு யார் கொண்டுவந்தார்களோ, சரியாகத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். இடுக்கு கண்ட இடமெல்லாம் பூசச் சொன்ன என்ஜினீயர் உனக்கும், மண் கண்ட இடமெல்லாம் விதை தூவிய தோட்டக்கலைக்காரி எனக்கும் ஆபீஸில் பெயர் வைத்த காலத்திலிருந்து, பொதுவில் உன்னை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். ஏன் என்று நீ கேட்கவே இல்லை.

உனக்குத் தெரியாததா? பெரிய பூங்காவின் ஏரிக்குத் தண்ணீர் வாங்கியே நம் துறையின் பணத்தில் பாதி போகிறது. குழாய் வழியாகக் குடிநீர் வாரியம் விடுகிறது, நாம் பில் கட்டுகிறோம், வெயில் உறிஞ்சுகிறது, மறுபடி விடுகிறார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. மிச்சத்தைத்தான் தெருவுக்குத் தெரு இருக்கிற சின்னப் பூங்காக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கழிப்பறைகளுக்குப் பூட்டு, விளக்குகள் எரிவதில்லை, ஐந்து பூங்காவுக்கு ஒரு தோட்டக்காரர். அதில் ஒரு பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு சின்னப் பெண்ணுக்குக் கை உடைந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். அவள் அம்மா என்னைக் கிழி கிழி என்று கிழிப்பாள் என்று நினைத்துப் போனேன். அவளோ, ‘வேற ஊஞ்சல் எப்ப மேடம் போடுவீங்க? இதுக்கு இந்த ஒரு விளையாட்டுதான் பிடிக்கும்’ என்று கேட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் கூட்டம். ஏரியை நிரப்பி, அந்த இடத்தைப் பொருட்காட்சிக்கும் வண்டி நிறுத்தவும் வாடகைக்கு விட்டால் சின்னப் பூங்காக்கள் எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று கமிஷனர் சொன்னார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து சரி என்றேன். உன் ஏரி என்று தெரிந்தேதான் சொன்னேன். அன்றைக்குக் கையில் இருந்த நிலவரத்துக்கு, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இதற்கு மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

கமிஷனரும் லேசுப்பட்டவர் இல்லை. ‘நீங்கதானே சொன்னீங்க, நீங்களே நின்னு முடிச்சுக் குடுங்க’ என்று வேலையை என் தலையிலேயே கட்டிவிட்டார். மதகைத் திறந்தார்கள். மீன்களையும் ஆமைகளையும் தொட்டி லாரிகளில் ஏற்றி ஆற்றுக்கு அனுப்பினோம். தண்ணீர் இறங்க இறங்க ஏரி கறுப்பாக, அசிங்கமாக, ஒரே நாற்றமாகத் தெரிய ஆரம்பித்தது. படகுத்துறைப் படிகள் எங்கேயோ உயரத்தில் நின்றன. நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் வெளியே போய் டயரைப் பார்ப்பது போல் நின்றுகொண்டார்.

நிரப்பு மண் லாரிகள் கரை மேல் வரிசையாக வந்து நின்றுவிட்டன. கொட்டுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் சேற்றை வழித்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போடுவது புதைந்துவிடும். பொக்லைன் இறங்கியது. படகுத்துறைக்கு நேர் எதிரே, கிழக்குப் பக்கத்தில், சேற்றை அள்ளி முடித்து அடுத்துத் தோண்டியபோது வாளியில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்த உடனே தெரிந்துகொண்டேன். பஞ்ச வருஷத்தில் ஏரியின் அடியில் நீ பூசிய களிமண். பொக்லைன் டிரைவர் அதை உதறிவிட்டு வாளியை மறுபடி இறக்கினார். அப்புறம் எழுந்து நின்று, ‘மேடம், பைப்பு உடைஞ்சிருச்சு!’ என்று கத்தினார்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பைப்பு என்றுதான் நம்பினோம். வாரியத்துக்கு அபராதம் யார் கட்டுவது என்பதுதான் என் மண்டையில் முதலில் ஓடியது. என்னைப் பற்றி வேறு என்ன சொல்ல!

வாரியத்து லைன்மேன் மொபெட்டில் வந்தார். கரைக்குப் பக்கத்து வால்வை மூடினார். தண்ணீர் நிற்கவில்லை. அடுத்த வால்வை மூடினார். நிற்கவில்லை. மெயினையே மூடிவிட்டார். அக்கம்பக்கத்துத் தெருக்களில் எல்லாம் குழாய் நின்று, ஆபீஸ் போனில் வசவு மழை. சலூன்காரர் ஒருவர், பாதி முகம் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளரைக் கையோடு அழைத்துக்கொண்டு கரைக்கே வந்துவிட்டார். ‘இவருக்கு யாரு சார் பதில் சொல்றது?’ என்றார். பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கூடிக்கொண்டே இருந்தது.

லைன்மேன் சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்து. இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும் என்று உனக்குத் தெரியும். பள்ளத்துத் தண்ணீரைப் பிடித்து விட்டுப் பார்த்தார். ஆகவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று டீக்கடைக் குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் வாங்கிவந்து அதில் விட்டார். அது மஞ்சளாகிவிட்டது. மறுபடி பள்ளத்துத் தண்ணீர். பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. அவர் என்னிடம் வந்து, ‘மேடம், இது எங்க தண்ணி இல்ல’ என்றார். குப்பியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, ‘இது யாரோட தண்ணியும் இல்ல’ என்றார்.

பொக்லைனை அணைக்கச் சொன்னேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. உலை கொதிக்க ஆரம்பிக்கும்போது வருமே, அந்த மாதிரி. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு நான் இறங்கினேன். இந்த வயதில் முழங்கால் அளவு சேற்றில் நடந்தேன், நீ பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். பள்ளத்து விளிம்பில் குனிந்து பார்த்தேன். கறுப்புச் சேற்றுக்கு நடுவே, அடியில் வெள்ளை மணல். அந்த மணல் ஆடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே எழும்பி, விழுந்து, எழும்பி. அதற்குள்ளிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கையை விட்டேன். அவ்வளவு வெயிலில் அவ்வளவு குளிர்ச்சி. என் உள்ளங்கையை யாரோ கீழேயிருந்து மெதுவாகத் தள்ளினார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. பயமாக இருந்தது, சொல்லத் தெரியாத சந்தோஷமாகவும் இருந்தது. ஏரி உயிரோடு இருந்திருக்கிறது, சிமெண்டு. இத்தனை வருஷமும் நமக்குக் கீழே உயிரோடுதான் இருந்திருக்கிறது.

இதுவரை எழுதி நேற்று நிறுத்திவிட்டேன். இன்று மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பள்ளம் இப்போது குட்டையாகிவிட்டது. எங்கிருந்து தெரிந்துகொண்டனவோ, கொக்குகள் வந்து இறங்கியிருக்கின்றன.

ஊரே வந்து பார்க்கிறது. சின்னப் பூங்காச் சங்கத்துத் தலைவரை உனக்கு நினைவிருக்கும், நாம் ‘மைக்’ என்று பெயர் வைத்தோமே, அவர்தான். ஏரியை மூடச் சொல்லி ஊர்வலம் விட்டவர். அவரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஏதோ கத்தப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். மனுஷர் வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாத மாதிரி நின்றார். அப்புறம் என் காதருகே வந்து, ‘இதையா நாம காசு குடுத்து வாங்கிட்டிருந்தோம்?’ என்று கேட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் என்றேன். அவரைச் சுற்றி அவ்வளவு ஜனம். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. குழந்தைகள்கூட மெதுவாகத்தான் பேசினார்கள். யாரும் அவர்களை அடக்கவில்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டமானது. எழுதாமல் விட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையாகிவிடும், அதுவும் உன்னிடம்.

ஊற்றை அடைத்தது யார் என்று கமிஷனர் கேட்டார். நீ என்று சொன்னேன். உன் பெயரை முழுசாகச் சொன்னேன். அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன். பெயரில்லாமல் ‘அப்போதைய பொறியாளர்’ என்று போடலாமே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒளித்து வைத்தால்தான் உனக்கு ஆத்திரம் வரும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் அத்தோடு விடவில்லை. அந்தப் பஞ்ச வருஷத்தை எழுதினேன். ஊரில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய், ஏரி தினம் தினம் கீழே இறங்கியதை எழுதினேன். மீன் செத்து மிதந்ததை எழுதினேன். வெறுங்காலோடு ஏரிக்குள் நடந்து, தண்ணீர் எங்கே உள்ளே இறங்குகிறது என்று நீ தேடியதை எழுதினேன். வந்திருக்கும் நிலத்தடி நீர் நிபுணரிடம் கேட்டேன். நல்ல காலத்தில் தண்ணீர் மேலே வருகிற வாய் வழியாகத்தான் பஞ்சத்தில் அது கீழே இறங்கும் என்றார். அப்படியென்றால் நீ பார்த்தது பொய்யில்லை. அன்றைக்கு நீ அடைத்திருக்காவிட்டால் அந்த வருஷமே ஏரி போயிருக்கும். மழை திரும்பி வந்த பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குள் உன்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஏரி நிறைந்திருந்ததால் எல்லோரும் கை தட்டிவிட்டுப் போய்விட்டோம். கமிஷனர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, ஒரு வார்த்தையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இதைப் படித்து நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஏரியைக் காப்பாற்றியதுதான் உன் வாழ்க்கையில் நீ செய்த ஒரே உருப்படியான காரியம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அது பொய்யாகிவிடவில்லை. நான் சொல்கிறேன், பொய்யாகவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லாரிகளைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஆனால் தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை. ஒரு ஊற்று ஒரு குட்டையைத்தான் நிரப்பும், ஏரியை நிரப்பாது. அடுத்த கூட்டத்துக்குள் இன்னும் சில வாய்களைத் திறந்து, தண்ணீர் தானே ஏறுகிறது என்று காட்டினால் ஏரி தப்பித்தது, தண்ணீருக்குப் போகிற பணமும் சின்னப் பூங்காக்களுக்குப் போய்ச் சேரும். காட்ட முடியாவிட்டால் மறுபடி மண் லாரி வரும். அப்போது அதைத் தடுக்க என்னிடம் வார்த்தை இருக்காது.

புதிதாக வந்த என்ஜினீயர் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ஒரேயடியாகக் களிமண் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். அடுத்த பஞ்சத்தில் ஏரி சல்லடையாகிவிடும் என்று நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன். வாய்களை மட்டும் திறந்து, வேண்டும்போது மூட வழி வைக்க வேண்டும். அந்த வாய்கள் எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் ஏரி முழுக்க ஒரே கனத்தில் களிமண் என்று இருக்கிறது. ஆனால் ‘ஏரி குடிக்கிற இடத்துல மட்டும் ரெண்டு மடங்கு போட்டேன்டி’ என்று நீ அன்றைக்கு என்னிடம் சொன்னாய். எங்கெங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. உன் காலுக்குத்தான் தெரியும்.

அதனால் வா. முட்டியைச் சாக்குச் சொல்லாதே. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டேன், அதில் மைக்கும் ஒரு ஆள். உன் மகளிடம் டிக்கெட்டைப் பற்றிப் பேசியாகிவிட்டது. நீ சரி என்று சொன்னால் போதும் என்று காத்திருக்கிறாள். என் வீட்டில் உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். காப்பி நானே போடுகிறேன்.

என்னிடம் பேச வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. ஏரிக்குள் நின்று இங்கே, அங்கே என்று கையை மட்டும் காட்டு. நீ அடைத்ததை உன் கையாலேயே திறந்துவிடு. திட்டுவது மிச்சமிருந்தால் அங்கேயே வைத்துத் திட்டு, நான் தண்ணீரில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன்,
கீரை