பானிபட்டுக்கு இப்பால் எண்பது கிலோமீட்டர்

இன்று காலை ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக் கடையில் கடலைமிட்டாய் டப்பா திறந்திருந்தது. வெல்ல வாசனை வந்ததும் கை தானாக இரண்டு பாக்கெட் எடுத்தது. ஞாயிறு சைக்கிள் சவாரிக்கு உமக்கொன்று, எனக்கொன்று என்று வாங்கிய பழக்கம். ஒன்றைத் திரும்ப வைத்தேன். நீர் போய் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் ஆகிவிட்டன.

தலைநகரில், லக்ஷ்மிபாய் நகரில் என் மனைவியின் அரசுக் குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீடு உம்முடையது. நம் இருவருக்கும் ஒரே ஊர்ப்பக்கம், திருநெல்வேலி. ஐம்பதைத் தாண்டியபின் சைக்கிள் வாங்கி, இருநூறு கிலோமீட்டர் சவாரிக்குப் பெயர் கொடுத்தோம். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பதக்கம். அதை மாட்ட நீர் முன்கூட்டியே சுவரில் ஆணி அடித்துவிட்டீர்.

அமைச்சக வேலைக்குக் கிளம்புமுன் வாரத்தில் நான்கு நாள் நீர் மெதுவாக, நெடுநேரம் ஓட்டினீர். வயிறாரச் சாப்பிட்டீர், ஒன்பதரைக்குத் தூங்கினீர். உம் பயிற்சி அவ்வளவுதான். நான் டயர்களை ஒப்பிட்டுப் படித்தேன்; லேசான சக்கரம் வரட்டும் என்று நான்கு ஞாயிறுகள் ஓட்டாமல் காத்திருந்தேன். தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பியைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது நீர் உள்ளே வந்தீர்.

"அதைத் தராசுல போட்டுப் பாக்கீரே, உம்ம தொப்பையை எதுலவே போடுவீரு? மொதல்ல மிதியும். மிச்சத்தைப் பொறவு பாப்போம்."

சிரித்தேன். முப்பது வருடம் பிறர் சொன்னதையெல்லாம் சரிபார்த்துச் செய்தி எழுதியவன், என் கால்களைச் சரிபார்க்கவில்லை.

சவாரியன்று பானிபட் தாண்டித் திரும்பும் வழியில், நூற்றிருபதாவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் இழுத்துக்கொண்டன. ஒரு சாலையோர தாபாவின் கயிற்றுக் கட்டிலில் விழுந்தேன். உமக்கு நேரம் நிறைய மிச்சமிருந்தது.

"நீர் போம். நான் டெம்போ பிடிச்சு வாறேன்."

"போயி? ஒத்தையில மெடலை வச்சிக்கிட்டு யாருகிட்டவே வம்பளக்க?" தாபாக்காரரைப் பார்த்து, "பையா, தோ சாய்" என்று இரண்டு டீ சொன்னீர். என் காலை உம் மடியில் எடுத்துவைத்து நீவினீர். "அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்."

டெம்போவில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அந்த ஆடியில் உமக்கு நெஞ்சு வலித்தது. அடுத்த வருடம் உமக்கு இல்லை.

லேசான சக்கரத்தை விற்றுவிட்டேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் மிதிக்கிறேன். போன மாதம் சைக்கிளை டெம்போவில் போட்டு அந்த தாபாவுக்குப் போய், அங்கிருந்து வீடுவரை ஓட்டினேன். என்னால் நீர் ஓட்டாமல் விட்ட எண்பது கிலோமீட்டர். கால் இழுக்கவில்லை. சேர்ந்து ஓட்டிய நாட்களில் லாரிகளுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் நீர் வருவீர். வழிநெடுக இடது ஓரத்திலேயே ஓட்டினேன், வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு.