நான்கு விரல் இடைவெளி

அனுப்புநர்:
கண்ணாடிப் பட்டறை உரிமையாளர்,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டியில் அனுமதியின்றி வலை கட்டியது – பராமரிப்பாளரின் தற்காலிகப் பணிநீக்கம் – உண்மையில் அதைச் செய்தவர் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகார் என் மீதானது. காட்சியகத்தின் எட்டடித் தொட்டியை மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்து கொடுத்தவள் நான். சென்ற வாரம் அதன் மூடியைக் கழற்றிவிட்டு வலை கட்டியவளும் நான்தான். ஆனால் வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர் பராமரிப்பாளர்.

2. அந்தத் தொட்டியில் இருப்பது ஒரே ஒரு அரோவானா மீன். இரண்டரை அடி நீளம், வெள்ளித் தகடு போன்ற செதில்கள், தாடையில் இரண்டு மீசை. தண்ணீருக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை எம்பிப் பிடிக்கும் இனம் அது. கொடுத்த தீனி பிடிக்காவிட்டால் மூலையில் முறுக்கிக்கொண்டு நிற்பதால் பராமரிப்பாளர் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார்.

3. முன்பிருந்த திறந்த தொட்டியிலிருந்து அது ஒருமுறை தரையில் விழுந்துவிட்டது. பராமரிப்பாளர் தன் சட்டையைக் கழற்றி நனைத்து, அதில் சுற்றித் தூக்கிப் போட்டுக் காப்பாற்றினார். அதன் பிறகே புதிய தொட்டிக்கு உத்தரவு வந்தது. தண்ணீர் விளிம்பு வரை நிற்க வேண்டும், மேலே கனத்த கண்ணாடி மூடியும் இரும்புச் சட்டமும் வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கண்ணாடியை நூல் பிசகாமல் அளந்தேன். மீன் எவ்வளவு உயரம் எம்பும் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

4. சென்ற மாதம் பராமரிப்பாளர் பட்டறைக்கு வந்தார். "அம்மா, மாப்பிள்ளை தலைய முட்டிக்கிட்டே இருக்காரு. நீங்க செஞ்ச தொட்டிதானே, ஒருவாட்டி வந்து பாருங்க" என்றார். என்னோடு வேலை செய்யும் என் கொழுந்தனார், "அண்ணி, நாம அளவெல்லாம் சரியாத்தான் வெட்டுனோம். மீனுதான் அளவுக்கு மீறி வளந்துடுச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

5. மறுநாள் மாலை நான்கு மணிக்குப் போய் நின்றேன். விளக்கு வெளிச்சத்துக்கு வந்த பூச்சி ஒன்று மூடியின் மேல் உட்கார்ந்தது. மீன் பின்வாங்கி, உடலை வில்லாக வளைத்து எழும்பியது. மூடிய கதவை உள்ளிருந்து யாரோ உதைத்தது போல ஒரு சத்தம். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். கீழ்த்தாடை கிழிந்து, ஒரு பக்க மீசை இல்லாமல் அது திரும்பி வந்து கண்ணாடி ஓரம் நின்றது. பராமரிப்பாளர் இதைப் பற்றி மேற்பார்வையாளருக்கு இருமுறை எழுதியிருக்கிறார். மூடியை இன்னும் இறுக்கச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது.

6. வாரம் முழுவதும் யோசித்தேன். எம்பும் மீனைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே தடுத்தால் அது முழு வேகத்தில் முட்டுகிறது. உயரத்தில் தடுத்தால் வேகம் தீர்ந்த பிறகுதான் தொடுகிறது. ஆகவே அதற்கு வேண்டியது இறுக்கமான மூடி அல்ல, மேலே காலி இடம். காட்சியகத்தின் வார விடுமுறையன்று நானும் பராமரிப்பாளரும் மூடியையும் சட்டத்தையும் கழற்றினோம். தண்ணீரை ஓரடி குறைத்தோம். மேலே நான்கடி உயரத்துக்குக் குழாய்ச் சட்டம் நிறுத்தி, நான்கு பக்கமும் உச்சியிலும் வலை கட்டினோம். முதலில் கட்டியது முடிச்சு வலை. அதில் துடுப்பு சிக்கி, பராமரிப்பாளர் ஏணியில் ஏறி விடுவிக்க வேண்டியதாயிற்று. அதுவும் என் தவறு. பிறகு முடிச்சில்லாத மெல்லிய வலையை வாங்கி, உட்பக்கம் சரிவாகக் கட்டினேன். விளக்கையும் தொட்டியை விட்டுத் தள்ளி வைத்தோம்.

7. அன்று மாலை மீன் எம்பியது. உடல் முழுவதும் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. உச்சியில் ஒரு கணம் நின்றது போலிருந்தது. பக்கத்து வலையில் லேசாக உரசி, சரிந்து, தண்ணீருக்கே திரும்பியது. மூன்று ஆண்டுகளில் அதன் முழு நீளத்தையும் காற்றில் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பராமரிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

8. மறுநாள் காலை வலையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "இது மீன் காட்சியகமா, கோழிக்கூடா? யாரைக் கேட்டு இதைக் கட்டுன?" என்று கேட்டார். பராமரிப்பாளர், "நான்தான் சார் கட்டுனேன்" என்றார். அப்போது நான் தொட்டியின் பின்னால் கையில் குறடோடு நின்றிருந்தேன். பட்டறைக்கு வரும் நகராட்சி வேலை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. பராமரிப்பாளர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கே நிற்பது தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் பார்க்கவில்லை என்று பிறகே உறைத்தது. அன்றே அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். இன்றோடு ஆறு நாட்கள் ஆகின்றன.

9. எனவே, அனுமதியின்றி வேலை செய்ததற்கு என் மீது நடவடிக்கை எடுத்து, பராமரிப்பாளரை மீண்டும் பணியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வலை பார்வைக்கு அழகாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, வலையை உட்பக்கம் மறைவாகக் கட்டித் தர ஆயத்தமாக இருக்கிறேன். அளவுப்படம் இணைத்துள்ளேன்.

10. வரும் வெள்ளிக்குள் பழைய மூடியைத் திரும்பப் போட வேண்டும் என்று பட்டறைக்கு வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாங்கள் ஒருமுறை மாலையில் நேரில் வந்து பார்க்கும் வரை அதை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். பார்த்த பிறகும் மூடிதான் வேண்டும் என்று முடிவெடுத்தால், அந்த வேலையைத் தயவுசெய்து வேறொருவரிடம் கொடுங்கள். என்னால் அதைச் செய்ய இயலாது.

இடம்: பட்டறை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,
(கையொப்பம்)
தொட்டி செய்தவள்

இணைப்பு:
அளவுப்படம் – 1
கழற்றிய மூடியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த செதில்கள் – 11 (உறையில்)