பத்மா அன்ரியின் தழும்பு

2025 மார்ச் 8, சனி

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சிட்டி ஸ்டூடியோக்காரர் கேட்கும் படத் திருத்த மென்பொருள் என் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிற இலவச லினக்ஸில் ஓடாது. அது இருந்தால்தான் கல்யாணப் படம் எடுக்கிற வேலை. கூட்டாளி அருந்தவனுக்கு இன்னும் சொல்லவில்லை. பழையதை ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் பென்டில் ஹில் வீட்டுக் குசினி மேசையில் வைத்துப் பாகம் பாகமாய்ப் பூட்டித் தந்தவனே அவன்தான். "மாசம் மாசம் காசு கட்டாட்டி கதவைச் சாத்திற சாமானில உன்ர படங்களை வைக்காதை" என்பான்.

வைத்துவிட்டேன்.

மார்ச் 15

படங்களை எல்லாம் புதியதில் ஏற்றியாச்சு. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் திருத்தங்களை எழுதிவைத்த குட்டிக் கோப்பு ஒன்று கிடக்கும். புது மென்பொருளுக்கு அது விளங்காது. கொடுத்து முடித்த வேலைகள்தானே என்று அந்தக் கோப்புகளைக் கழித்துவிட்டேன். பழைய டிஸ்கில் இருந்ததை முழுக்க அழித்து, கம்ப்யூட்டர் பெட்டியைக் கவுன்சில் குப்பை வண்டிக்கென்று வாசலில் வைத்தேன்.

மார்ச் 16

விடியப் பார்த்தால் பெட்டி இல்லை. ஆரோ கொண்டுபோய்விட்டார்கள். நல்லது.

ஜூன் 2, திங்கள்

அருந்தவனின் அம்மா, பத்மா அன்ரி, போய்விட்டா. போனில் அழுதான். "மச்சான், அம்மான்ர அந்தப் படம் உன்னட்டத்தானே இருக்கு? நான் உன்ர வீட்டில மூண்டு நாள் இருந்து திருத்தினது. தலைமாட்டில அதைத்தான் வைக்கோணும்."

"ஓம்" என்றேன்.

ஜூன் 3

படம் இருக்கிறது. திருத்தம் இல்லை. அன்ரி வருத்தக்காரியாக இருந்தபோது நான் எடுத்தபடியே கிடக்கிறது — மஞ்சள் முகம், வீங்கின கண். அது ஆருக்கும் கொடுத்து முடித்த வேலை இல்லை. மறந்தே போனேன். என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்?

மூன்று தரம் போனை எடுத்தேன். மூன்று தரமும் திரும்ப வைத்தேன். நாலு மணிக்குள் படம் வேண்டும் என்று செத்தவீட்டு மண்டபத்திலிருந்து கேட்டார்கள். புதியதில் முகம் திருத்த ஒரு பட்டன் இருக்கிறது. அமத்தினேன். அன்ரி பளிச்சென்று சிரித்தா. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 5

செத்தவீடு. வந்தவர்கள் எல்லாரும் படம் வடிவு என்றார்கள். அருந்தவன் மட்டும் கிட்டப் போய், இடது புருவத்துக்கு மேலே விரலை வைத்தான். அங்கே ஒன்றுமில்லை.

போரில் வெடித்த செல்லின் துண்டு பட்ட தழும்பு இருந்த இடம் அது. அந்தக் காயத்தோடுதான் அன்ரி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினவ. எத்தனை தரம் சொல்லியிருப்பான்! திருத்தும்போதும், "இதில மட்டும் கை வைக்கேல்லையடா" என்று காட்டினவன்.

"எதில செய்தனீ?" என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன், குப்பை வரைக்கும்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே வந்திருந்து திரும்பச் செய்திருப்பனே" என்றான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூலை 2

முப்பத்தோராம் நாள். சுவரில் வேறு படம். அவன் போனில் எடுத்தது, கலங்கல்தான். தழும்பு தெரிந்தது. எனக்கும் சோறு போட்டான். என் முகம் பாராமல் அடுத்த இலைக்குப் போனான்.

ஆகஸ்ட் 23, சனி

போன கிழமை பிளாக்டவுனில் எடுத்த கல்யாணம். பெண்ணின் நாடியில், உதட்டுக்குக் கீழே, சின்னத் தழும்பு. அப்படியே விட்டு அனுப்பினேன். ஸ்டூடியோவிலிருந்து திரும்பி வந்தது: அதையும் அழிக்கவும், இன்றைக்கே.

அருந்தவனுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, நிற்கும் வரைக்கும் காதில் வைத்திருந்தேன்.

பிறகு பட்டனை அமத்தினேன்.