மெஷின் சுற்றவில்லை, அம்மிணி

அம்மிணி,

வாஷிங் மெஷின் மூடியைத் திறந்ததும் ஊறிய துணியின் புளித்த வாடை மூஞ்சியில் அடித்தது. முந்தாநாள் போட்ட போர்வை சொட்டச் சொட்ட அப்படியே கிடக்கிறது. துவைக்கிறது, தண்ணீரை வெளியே விடுகிறது. பிழிந்து சுற்றும் நேரம் வந்ததும் தடதடவென்று முட்டிவிட்டு நின்றுபோகிறது. மறுபடி தண்ணீர் பிடிக்கிறது, மறுபடி முட்டுகிறது. கடைசியில் கீச்கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டுகிறது. நீ இருந்தவரை இந்த மெஷின் பக்கம் நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நம் மகள் போன் பண்ணியபோது வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். "ஒரு மெஷினோட இவ்வளவு அல்லாடறீங்களே. பேசாம ஊட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்கப்பா. ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போக வாரேன்" என்றாள். பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் புதுச்சத்திரத்து வீட்டை விட்டுவிட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு இடமில்லை. அவள் வருவதற்குள் இதை ஓடவைத்தே தீருவது என்று வீம்பு வந்துவிட்டது.

காலமெல்லாம் லாரி ஓட்டியவனுக்கு முதலில் என்ன தோன்றும்? பெல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சுவரோரம் சாய்த்துப் பார்த்தேன். பெல்ட் விண்ணென்று இருந்தது. தண்ணீர் போகும் குழாயைக் கழற்றி ஊதினேன், அடைப்பு இல்லை. மூடி சுவிட்சும் சரியாகத்தான் விழுகிறது. இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். "ஒரு வாய் காப்பி குடு புள்ள" என்று கேட்டேவிட்டேன். அப்புறம் நானே ஒரு வரக்காப்பி போட்டு, தரையிலேயே உட்கார்ந்து குடித்தேன்.

எழுந்து மறுபடி ஓடவிட்டு, மூடிமேல் கையை வைத்தபடி நின்றேன். அந்த ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டம். நினைவிருக்கிறதா? கல்யாணமான புதிதில், ராசிபுரம் பக்கம் உன் அம்மா வீட்டிலிருந்து உன்னை மரவள்ளிக்கிழங்கு லோடு வண்டியிலேயே கூட்டிவந்தேன். சேலத்து ஜவ்வரிசி மில்லில் மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. பாதி வழியில், "ஏனுங்க மாமா, வண்டி எம்பக்கமாச் சாயுதுங்களே" என்றாய். "நீ உக்கோந்தா சாயாம என்ன பண்ணும்?" என்று கேலி பேசினேன். "எறங்கிப் பாத்துட்டுத்தான் போகோணும்" என்று நீ ஒரே பிடியாக நின்றாய். இறங்கிப் பார்த்தால் கயிறு தளர்ந்து மூட்டையெல்லாம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அதற்கப்புறம் சேலம் வரும்வரை வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

மெஷினுக்குள்ளும் அதே கதைதான். கோளாறு ஒன்றுமில்லை. ஒற்றைப் போர்வை தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருபக்கமாகக் குவிந்து கிடக்கிறது, எதிர்ப்பக்கம் எடையே இல்லை. லோடு ஏற்றியே வயிறு வளர்த்தவன் இதைப் பார்க்காமல் பெல்ட்டைத் தேடியிருக்கிறேன். நீ இருந்திருந்தால் வருஷம் பூரா சொல்லிச் சிரித்திருப்பாய்.

என் வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் அள்ளி எதிர்ப்பக்கம் போட்டேன். போதவில்லை. ஒரு ஆள் துணி எவ்வளவுதான் இருக்கும்? கடைசியில் உன் பீரோவைத் திறந்தேன். உன் துணிமணியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று காரியத்தன்றே உறவில் கேட்டார்கள். நான்தான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். நீ வீட்டில் கட்டும் இளம்பிள்ளைத் தறிப் பருத்திச் சேலைகளில் கைக்கு வந்ததை எடுத்துப் போர்வைக்கு எதிரே போட்டேன். மெஷின் ஒரு உதறு உதறியது. அப்புறம் சுற்றியது பார், நின்றவாக்கிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மகளுக்குப் போன் பண்ணினேன். "ஓடுது கண்ணு. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"என்னங்கப்பா கோளாறு?"

"ஒன்னுமில்ல சாமி. துணி பத்தல."

இனி என் துணி அழுக்காகும்போதெல்லாம், அழுக்கில்லாத உன் சேலையையும் சேர்த்துத்தான் துவைக்க வேண்டும். துவைக்கத் துவைக்க அதிலிருக்கும் உன் வாசனை போய்விடும். ஆனாலும் இன்றைக்கு மொட்டைமாடிக் கொடியில் என் வேட்டிக்குப் பக்கத்தில் உன் சேலையை விரித்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்க மனசே வரவில்லை. ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால், இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.