மேல்கணக்குக்குப் போன புள்ளி

கேகாலை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சுகந்தினி எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மச்சானும் துஷ்யந்தியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் வீட்டுச் சுகத்தை ஏழு வருடமாக அடுத்தவர் வாயால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் உங்களுக்கு இருமல் நிற்காமல் இருந்ததாக யாரோ சொன்னார்கள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். அண்ணி சொன்னால் கேட்க மாட்டீர்கள், நான் சொன்னதாக நினைத்தாவது குடியுங்கள்.

முக்கியமான விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துஷ்யந்திக்குக் கல்யாணம். ஆவணியில், நம் தோட்டத்துக் கோயிலிலேயே வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை யட்டியாந்தோட்டைப் பையன், மின்சார வேலை செய்கிறான், நல்ல குணம். மஞ்சள் தடவிய அழைப்பிதழை இதோடு வைத்திருக்கிறேன். பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியது தாய்மாமன். அவள் பெரிய பிள்ளையான சடங்குக்கு நீங்கள் வராததால் மச்சானுடைய ஒன்றுவிட்ட தம்பியை மாமன் என்று நிறுத்தி ஒப்பேற்றினோம். இந்த முறை அந்த வேலையே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மாமா வந்தால் மாமாவோடு வருவாளாம், இல்லாவிட்டால் தனியாகவே நடந்து வருவாளாம். பிடிவாதம் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன் அந்தச் சடங்குக்கு உங்கள் தோட்டத்துக்கு மட்டும் மூன்று அழைப்புக் காகிதம் போட்டேன். சித்தப்பாவுக்குக் கிடைத்தது, அண்ணியின் தம்பிக்குக் கிடைத்தது, உங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை. ‘கூடப்பொறந்தவளே காகிதம் போடல, நான் எதுக்குப் போகணும்’ என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொன்னீர்களாம். போட்டேன் என்று நான் சத்தியம் பண்ணியும் நீங்கள் நம்பவில்லை. பிறகு போன் நம்பரையும் மாற்றிவிட்டீர்கள். போன தீபாவளிக்கு நாங்கள் தேடி வந்தபோது அண்ணி வாசலில் நின்று, ‘அவரு டவுனுக்குப் போயிட்டாருங்க’ என்றார்கள். உங்கள் செருப்பு அங்கேயே கிடந்தது. கலவானை டவுனுக்கு வெறுங்காலோடு போயிருப்பீர்கள் போலிருக்கிறது. அன்றைக்கே மச்சான், இனிமேல் அந்தப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி நான் சொல்லப்போவது வேடிக்கையான விசயம். பொறுமையாகப் படியுங்கள்.

மாவனெல்லையிலிருந்து நுஸ்ஹா என்று ஒரு பிள்ளை எங்கள் தோட்டத்துக்கு வந்து போகிறாள். கம்பஸில் படிக்கிறாள். சாமான்களும் தபாலும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போகின்றன, எங்கே தேங்குகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தோட்டங்களுக்கு வரும் கடிதங்கள் ஏன் கைக்குக் கிடைப்பதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். தோட்டத்தில் எங்கள் பிரிவான இந்தக் கணக்குக்கு வரும் கடிதங்களை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில்தான் வைத்துவிட்டுப் போவார்கள், அதனால் என்னைத் தேடி வந்தாள்.

அவள் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் காட்டினாள். ஐந்து ரூபாய்க் குற்றிக் காசை விடக் கொஞ்சம் பெரியது, மெல்லியது. அதைக் கடித உறைக்குள் வைத்துத் தபாலில் போட்டுவிடுவார்கள். வழியில் யாருடைய போனாவது பக்கத்தில் வந்தால், அந்தப் போன் வழியாக வில்லை இருக்கும் இடம் தெரிந்துவிடும். அவளுடைய போனில் ஒரு படம், அதில் நீல நிறத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். நான் விடுவேனா? மழையில் நனைந்தால் என்ன ஆகும், நாம் பேசுவது அதற்குக் கேட்குமா, யாராவது மேலே உட்கார்ந்தால் உடையுமா என்று அந்தப் பிள்ளையைத் துளைத்து எடுத்துவிட்டேன். கேட்காதாம், பார்க்காதாம், இருக்கிற இடத்தை மட்டும் சொல்லுமாம். அடுத்த வீட்டு வெள்ளையம்மா அக்கா தன் ஆட்டின் கழுத்தில் ஒன்று கட்டிவிடச் சொல்லி அவள் பின்னாலேயே அலைந்தார்.

சோதனைக்கு வெறும் தாளை வைத்து அனுப்ப ஒரு விலாசம் கேட்டாள். உங்கள் விலாசத்தைக் கொடுத்தேன். சடங்குக் காகிதத்தில் எப்படி எழுதினேனோ அப்படியே எழுதினேன்: ஆர். யோகராஜ், பிறகு உங்கள் தோட்டத்தின் பெயர், கலவானை. உங்கள் தோட்டத்தில் இந்த ஆராய்ச்சிக்கு உதவி செய்கிற ஜூலியஸ் அண்ணனிடமும் சொல்லி வைத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நுஸ்ஹா எப்போது வருவாள், புள்ளி எங்கே நிற்கிறது என்று அதே நினைப்பு. கேகாலையிலிருந்து நேரே இரத்தினபுரிக்குப் போகும் என்று பார்த்தால், அது கொழும்புக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. நானே இன்னும் கொழும்பைச் சரியாகப் பார்த்ததில்லை. பிறகு இரத்தினபுரி, நிவித்திகல, கலவானை. அங்கிருந்து உங்கள் தோட்டத்து ஆபிசுக்கும் போய்ச் சேர்ந்தது. இனிக் கீழ்க்கணக்குக்கு, உங்கள் லயத்துக்கு இறங்கும் என்று பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டே காத்திருந்தேன். புள்ளி மேலே ஏறியது. மேல்கணக்குக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

ஜூலியஸ் அண்ணன் போய்ப் பார்த்தார். அங்கே லயத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு காம்பரா. ரெங்கசாமி மகன் யோகராஜுடையது. அவருக்கும் ஆர்தான், உங்களுக்கும் ஆர்தான். அவர் கொழும்புக்குப் போய்ப் பல வருடமாகிறது. ஆபிசில் யாராவது மேலே போகிறவர்கள் கையில் கடிதங்களைக் கொடுத்து விடுகிறார்கள், அவர்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மலைக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான் நடக்கிறது. யாரைக் குறை சொல்வது?

நுஸ்ஹா அதைச் சொன்னபோது, பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். நான் போட்டது உண்மை, உங்களுக்கு வராததும் உண்மை. ஏழு வருடம் நாம் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டே பேசாமல் இருந்திருக்கிறோம். அந்த மேட்டில் ஏறி ஒரு தடவை பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே அண்ணா.

கதவின் இடுக்கில் பழைய காகிதங்கள் தெரிகின்றனவாம். அதில் என்னுடையது கிடக்கிறதா என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. சாவி அவருடைய தங்கையிடம் இருக்கிறதாம். நீங்கள் போய்க் கேட்டால் திறந்து காட்டுவார். கறையான் விட்டு வைத்திருந்தால் ஓரத்தில் மஞ்சள் தெரியும். ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடுவீர்களோ என்று. கிடைத்தாலும் வாருங்கள், கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

இந்தக் கடிதத்தோடும் ஒரு வில்லை வருகிறது. உங்களுக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது என்று நுஸ்ஹா கண்டிப்பாகச் சொன்னதால் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் ஜூலியஸ் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். இந்த முறை விலாசத்தில் இராமசாமி மகன், பெக்டரி யோகராஜ், கீழ்க்கணக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். வழி தவறினால் திரும்பவும் எழுதுவேன், புள்ளி உங்கள் வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் எழுதுவேன்.

கடிதம் போய்ச் சேர்ந்தது தெரியும், படித்தவருக்கு மனம் இறங்கியதா என்று தெரியுமா என்று நுஸ்ஹாவிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. ‘அது தெரியாது அக்கா’ என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நானே ஒரு வழி யோசித்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அண்ணியோடு புறப்படும்போது அந்த வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் அதன் பேட்டரி தாங்குமாம். நுஸ்ஹாவும் அன்றைக்கு இங்கே வருகிறாள். துஷ்யந்தி மருதாணிக் கையோடு அவள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இரத்தினபுரி, அவிசாவளை என்று அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே சமைப்பேன். புள்ளி ருவன்வெல்லையைத் தாண்டியதும் உங்களுக்கு உலை வைப்பேன். பஸ் ஸ்டாண்டுக்கு மச்சானே வருகிறேன் என்றார். நான் கேட்டுச் சொன்னதல்ல, அவராகவே சொன்னார்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் மருமகளுக்கு ஆசீர்வாதத்தைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அது எந்தக் கணக்கில் போய் நிற்குமோ. நேரில் வந்து அவள் தலையில் கை வையுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
சுகந்தினி