என்னைத் தூது விட்டது நீதான்

அன்பு மகன் சோரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். வழக்கமாக இதைச் சந்தோஷமாக எழுதுவேன், இன்றைக்குக் கோபத்தோடு எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் மாடுகள் கன்று போடுகிற சமயம் என்று தொழுவத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். உன் தங்கை இங்க்ரிட் கார் ஓட்டும் தேர்வில் தேறிவிட்டாள். நல்ல செய்தி இவ்வளவுதான்.

மார்ச் மாதம் நீ கூப்பிட்டாயே, "டெலேனிக்குப் பொறந்த நாள் வருதும்மா, எங்களுக்குள்ள சின்ன மனஸ்தாபம், நீ பண்ற ருபார்ப் ஜாம் ஒரு பாட்டில் அனுப்பேன், உன்னை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று. கூட வைக்கிற வாழ்த்து அட்டையில் என்ன எழுத வேண்டும் என்றும் நீயே சொன்னாய், ஏரிக்கரைப் படகு இந்தக் கோடையிலும் உங்கள் இரண்டு பேருக்காகக் காத்திருக்கும் என்று. நான் ஒரு மடச்சி, அதை அழகாக எழுதி ஓரத்தில் பூ வேறு வரைந்தேன். போன வாரம், வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொன்னாய், கேட்டேன். தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் நம் அடுப்படியில் என்னோடு சிரித்துச் சிரித்து லெஃப்ஸே ரொட்டி தேய்த்த பெண், போனில் என் குரல் கேட்டதும் பதறிவிட்டாள். பிறகு, "உங்க மேல எனக்குக் கோபமே இல்லைங்க. ஆனா அவன்கிட்டயிருந்து எதுவும் எனக்கு வேண்டாம், உங்க வழியாவும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபது வயதுப் பெண் என்னைக் கண்டு பயந்தாள் சோரன், என்னைக் கண்டு! அதை நான் மறக்க மாட்டேன்.

அவள் கல்லூரி அலுவலகத்தில் இதைச் சொன்ன பிறகுதானே, நீங்கள் இரண்டு பேரும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று அவர்கள் முன்பே போட்ட உத்தரவையே எனக்கு அனுப்பினாய். மூக்குக்கண்ணாடி போட்டு நான்கு தடவை படித்தேன். பெரிய தண்டனை என்றாய், தண்டனை இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. உன்னைக் குற்றவாளி என்று அதில் ஒரு சொல் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே விதி, போன் கூடாது, செய்தி கூடாது, எதிரே வந்தால் பார்த்தவர் விலகிப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம் அவளுக்கு, ஒரு மணிக்கு உனக்கு. செவ்வாய்க்கிழமை நூலகம் உனக்கு என்பதால் அன்றைக்கு அவளும்தான் உள்ளே வர முடியாது. இதை மீறினால்தான் தண்டனை. ஏழாவது விதி, நண்பர்கள் வழியாகவோ குடும்பத்தார் வழியாகவோ சொல்லி அனுப்பக் கூடாது. கீழே உன் கையெழுத்து, பிப்ரவரி பதினொன்று. நீ என்னிடம் ஜாம் கேட்டது மார்ச். தெரிந்தேதான் கேட்டிருக்கிறாய்.

"துணி துவைக்கிற இடத்துல சும்மாதாம்மா நின்னேன், பேசக்கூட இல்லை" என்கிறாய். வேண்டாம் என்று சொன்ன பெண் வருகிற இடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்றாயே, கையில் ஒரு சட்டையாவது கொண்டுபோனாயா?

இப்போது, உத்தரவை மீறியதற்காக வியாழக்கிழமை உன்மேல் நடக்கப்போகிற விசாரணையில் ஜாமும் என் யோசனை, அந்த வரியும் என் வரி என்று நான் சொல்ல வேண்டுமாம். "அம்மாக்கள் இப்படித்தான்னு விட்டுடுவாங்கம்மா" என்றாயே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள், நீயோ அம்பையே முன்னால் நிறுத்தி, தானாகப் பாய்ந்தேன் என்று சொல்லச் சொல்கிறாய். அப்பாவும், "ஒரு பொய்தானே லோர்னா, பையன் படிப்பு ஒரு பருவம் போயிடும்" என்று முனகினார். போகட்டும் என்றேன். அவர் கதவை அறைந்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனார், இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

நேற்றே அந்த அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். கையெழுத்து என்னுடையது, வார்த்தைகள் என் மகனுடையவை, அனுப்பச் சொன்னவன் அவன், தடை இருப்பது எனக்குத் தெரியாது என்று. உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது, அதனால் சொல்கிறேன். டெலேனிக்கு மன்னிப்புக் கேட்டு எழுத ஆசையாக இருந்தது, அதுவும் அவளைத் தொந்தரவு செய்வதுதான் என்று விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடக் கற்றுக்கொள்.

ஒரு மணிக்கு முன்னால் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போகாதே, அவளைப் பற்றி யாரிடமும் விசாரிக்காதே. கடவுள் உன்னைக் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். விசாரணையில் மாணவனோடு ஒருவர் துணைக்கு இருக்கலாமாம். புதன்கிழமை பேருந்தில் ஏறுகிறேன். உன் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். கேட்டால் எழுதியதையே சொல்வேன்.

உன் அம்மா,
லோர்னா